ஒரே கட்டத்துக்குள் இரண்டு கேள்விகள்

இருவேறு இனத்துப் பெற்றோருக்குப் பிறந்தவர்கள் தங்களை யாரென்று சொல்லிக்கொள்கிறார்கள், அரசாங்கம் அவர்களை யாரென்று எழுதிக்கொள்கிறது என்பதுதான் இன்றைய பொருள். 2010-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் வெள்ளை மாளிகைக்கும் போயிற்று. அங்கே அப்போது குடியிருந்தவர் பராக் ஒபாமா. தாய் கான்சாஸ் மாநிலத்தில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி. தந்தை கென்யாவிலிருந்து படிக்க வந்தவர். ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைக் குறிக்கலாம் என்று அந்தப் படிவமே இடம் கொடுத்திருந்தது. ஒபாமாவோ ஒரே ஒரு கட்டத்தில்தான் குறியிட்டார்: கறுப்பினத்தவர். உடனே கேள்விகள் கிளம்பின. பெற்ற தாயை மறந்துவிட்டாரா? வளர்த்த தாத்தா பாட்டியை மறைக்கிறாரா? வாக்குக்காகவா?

பதினான்கு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி வேறொருவர் மேல் பாய்ந்தது. அவரை உங்களுக்குத் தெரியும். மன்னார்குடிக்குப் பக்கத்திலுள்ள துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் மகள் சியாமளா கோபாலன். அவருக்கும் ஜமைக்காவில் பிறந்த டொனால்ட் ஹாரிசுக்கும் பிறந்தவர் கமலா ஹாரிஸ். 2024 ஜூலையில் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் கூட்டிய கூட்டத்தில் டொனால்ட் டிரம்ப், இவர் இத்தனை நாளும் இந்தியராக இருந்துவிட்டுத் திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்ற பொருள்படப் பேசினார். நம் ஊரிலும் அப்போது ஒரு சின்ன வருத்தம் இருந்தது. நம் பிள்ளை என்று கோயிலில் அபிஷேகம் செய்தோமே, அவர் அங்கே போய்க் கறுப்பினப் பெண் என்கிறாரே என்று சிலர் முணுமுணுத்தார்கள். டிரம்பின் குற்றச்சாட்டும் நம்மவர் வருத்தமும் ஒரே இடத்தில் நிற்கின்றன. ஓர் ஆளுக்கு ஓர் இனம்தான் இருக்க முடியும், இரண்டு சொன்னால் அதில் ஒன்று பொய் என்ற நம்பிக்கைதான் அந்த இடம்.

அந்த நம்பிக்கை தவறு என்பது என் கட்சி. ஒருவர் தம்மை யாராகக் கருதுகிறார் என்பது ஒரு கேள்வி. ஊரும் நாடும் அவரை யாராக நடத்துகின்றன என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கு விடை சொல்லும் உரிமை அவர் ஒருவருக்கே உண்டு. இரண்டாவது கேள்வியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் கடமை அரசுக்கு உண்டு. இல்லையென்றால் அநீதி எங்கே நடக்கிறது என்று அதற்குத் தெரியாது. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் திணித்து, ஒரே குறியை வாங்கி, அந்தக் குறியை வைத்து ஆளையும் அளப்பேன், அநீதியையும் அளப்பேன் என்கிறது அரசு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. கமலா ஹாரிஸ் 2019-இல் எழுதிய நூலில், இரண்டு கறுப்பினப் பெண்களை வளர்க்கிறோம் என்பதைத் தம் தாய் நன்கு உணர்ந்திருந்தார் என்று குறிப்பிடுகிறார். தாம் குடியேறிய நாடு தம் மகள்களை எந்தக் கண்ணால் பார்க்கும் என்று அந்தத் தமிழ்த் தாய்க்குத் தெரிந்திருந்தது. அவர் இந்திய அடையாளத்தை விட்டுக்கொடுத்ததாக இதற்குப் பொருளில்லை. இரண்டாவது கேள்விக்கு அந்த நாடு தரப்போகும் விடையை முன்கூட்டியே படித்துவிட்டார்.

இந்தக் கட்டங்கள் எப்படி வந்தன? வானத்திலிருந்து விழுந்தனவா? 1790-இல் நடந்த முதல் அமெரிக்கக் கணக்கெடுப்பைப் பாருங்கள். பதினாறு வயதும் அதற்கு மேலுமான சுதந்திர வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழ்ப்பட்ட வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், சுதந்திரமான மற்றவர்கள், அடிமைகள் என்று ஐந்தே வரிசை. ஆண்களை மட்டும் வயது வைத்துப் பிரித்தது ஏன்? போருக்கும் வேலைக்கும் எத்தனை பேர் தேறுவார்கள் என்று அறிய. அடிமைகளைத் தனியே எண்ணியது ஏன்? நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லியிருந்தது. ஆக, முதல் நாளிலேயே அந்தக் கட்டங்கள் மனிதரைப் பற்றிய ஆராய்ச்சிக்காகப் பிறக்கவில்லை. ஆட்சியின் வேலைக்காகப் பிறந்தன.

1850-இல் 'முலாட்டோ' என்ற வகை வந்தது. வெள்ளையும் கறுப்பும் கலந்தவர் என்று பொருள். 1890-இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நாலில் மூன்று பங்கோ அதற்கு மேலோ கறுப்பு இரத்தம் இருந்தால் கறுப்பர். எட்டில் மூன்று முதல் ஐந்து பங்கு வரை இருந்தால் முலாட்டோ. கால் பங்கு என்றால் 'குவாட்ரூன்'. அரைக்கால் பங்கோ அதற்கும் குறைந்த ஏதோ ஒரு சுவடோ இருந்தால் 'ஆக்டரூன்'. இதைக் கண்டுபிடிக்கும் கருவி என்ன தெரியுமா? வீட்டு வாசலில் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளரின் கண்! நாலில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் திண்ணையில் நின்றபடியே பிரித்தறியும் கண் எந்த மனிதருக்கு உண்டு? அடுத்த கணக்கெடுப்பிலேயே இந்தப் பின்னங்களைக் கைவிட்டார்கள். முலாட்டோ மட்டும் 1910-இல் திரும்பி வந்தது. அந்த ஆண்டில் கறுப்பின மக்களில் ஐந்தில் ஒருவர் முலாட்டோ என்று பதிவாயிற்று. 1920-இல் அது ஏறத்தாழ ஆறில் ஒருவராகக் குறைந்தது. பத்தே ஆண்டில் ஒரு மக்கட்பிரிவு இப்படிச் சுருங்குமா? எண்ணப்பட்டவர்கள் அப்படியேதான் இருந்தார்கள். எண்ணிய கண்கள் மாறியிருந்தன.

பிறகு 1930. முலாட்டோ அடியோடு நீக்கப்பட்டது. வெள்ளையும் கறுப்பும் கலந்த எவரையும், கறுப்புக் கலப்பு எவ்வளவு சிறிதானாலும், கறுப்பர் என்றே எழுத வேண்டும் என்று கணக்கெடுப்பாளர்களுக்கு உத்தரவு போனது. ஒரு சொட்டு விதி என்று பெயர் பெற்றது இதுதான். ஆனால் வெள்ளையும் பூர்வகுடியும் கலந்தவருக்கு அதே விதி இல்லை. பூர்வகுடிக் கலப்பு மிகக் குறைவாக இருந்தாலோ, ஊர் அவரை வெள்ளையராக ஏற்றுக்கொண்டிருந்தாலோ வெள்ளையராக எழுதலாம். வெர்ஜீனியா மாநிலத்தின் 1924-ஆம் ஆண்டு இனத் தூய்மைச் சட்டமும் பதினாறில் ஒரு பங்குப் பூர்வகுடி இரத்தத்தை மன்னித்தது. அங்கிருந்த உயர்குடிகள் சிலர் போகஹோண்டஸ் என்ற பூர்வகுடி இளவரசியின் வழித்தோன்றல்கள் என்று பெருமை பேசிவந்தார்கள். அவர்களைச் சட்டம் வெளியே தள்ளிவிடக் கூடாதல்லவா! இரத்தத்தைப் பற்றிய சட்டம் என்று சொல்லிக்கொண்டாலும் அது யாரைக் காப்பது என்று பார்த்துத்தான் எழுதப்பட்டது.

நம் நாட்டவரும் இந்த வேடிக்கைக்குத் தப்பவில்லை. 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது அமெரிக்காவில் ஓர் இனத்தின் பெயர். பஞ்சாபிலிருந்து போன சீக்கியரும் இஸ்லாமியரும்கூட இந்து இனம்! கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் பஞ்சாபி உழவர்கள் மெக்சிகப் பெண்களை மணந்து சில நூறு குடும்பங்கள் உருவாயின. வெள்ளையர் பிற இனத்தவரை மணக்கக் கூடாது என்று சட்டம் தடுத்திருந்த காலம் அது. திருமண உரிமம் எழுதிய எழுத்தர்கள் மணமக்களின் தோலைப் பார்த்து, பல நேரங்களில் இருவருக்கும் 'பழுப்பு' என்று எழுதிக் காரியத்தை முடித்தார்கள். ஒரு சட்டத்தின் அபத்தத்தைத் தீர்க்க ஓர் எழுத்தருக்குப் போதுமான அறிவு இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலம் மாறியும் காகிதம் மாறாத கதை ஒன்று. லூசியானா மாநிலத்தில் 1970-இல் இயற்றிய சட்டப்படி, முப்பத்திரண்டில் ஒரு பங்குக்கு மேல் கறுப்பு இரத்தம் இருந்தால் கறுப்பர். வெள்ளையராகவே வளர்ந்து வெள்ளையரையே மணந்து வாழ்ந்த பெண்மணி ஒருவர் பாஸ்போர்ட்டுக்காகத் தம் பிறப்புச் சான்றை எடுத்துப் பார்த்தபோது அதில் கறுப்பினம் என்று இருந்தது. வழக்குத் தொடுத்தார். மாநில அரசு வம்சாவளி ஆராய்ச்சியாளரை அமர்த்தி, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அடிமைப் பெண் வரை அவருடைய வேர்களைத் தோண்டியது. சட்டமே 1983-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வழக்கில் அந்தப் பெண்மணி தோற்றார். அவர் தம்மைப் பற்றிச் சொன்னதும், ஊர் அவரை நடத்தியதும் ஒன்றாகவே இருந்தன. இரண்டு கேள்விகளுக்கும் ஒரே விடை! இருந்தும் காகிதம் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னது; நீதிமன்றம் காகிதத்தை நம்பியது.

1967-இல் லவிங் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கலப்பு மணத் தடைச் சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. கலப்பு மணங்கள் பெருகின; பிள்ளைகள் வளர்ந்தார்கள்; பள்ளிக்கூடப் படிவத்தில் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும் என்றபோது பெற்றோர் கொதித்தார்கள். தந்தையைக் குறித்தால் தாயை அழிக்க வேண்டும். தாயைக் குறித்தால் தந்தையை அழிக்க வேண்டும். தொண்ணூறுகளில் 'பல்லினத்தவர்' என்று தனியாக ஒரு கட்டம் வேண்டும் என இயக்கம் நடத்தினார்கள். எதிர்த்தவர்கள் யார்? இனவாதிகள் என்று நினைப்பீர்கள். கறுப்பின உரிமைக்காக ஆயுள் முழுதும் போராடிய அமைப்புகள்தான் எதிர்த்தன! அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. வாக்குரிமைச் சட்டம், வேலைவாய்ப்புச் சட்டம் எல்லாம் எண்ணிக்கையை நம்பி நிற்பவை; நம் மக்களில் ஒரு பகுதி புதிய கட்டத்துக்குப் போய்விட்டால் பாகுபாட்டை நிரூபிக்கும் கணக்கு குலையும்; வீடு வாடகைக்குத் தர மறுப்பவர் படிவத்தில் நீங்கள் எங்கே குறியிட்டீர்கள் என்றா கேட்கிறார், என்றார்கள்.

இந்த எதிர்ப்பை நான் மதிக்கிறேன். அதற்குக் கிடைத்த தீர்வையும் மதிக்கிறேன். 1997-இல் அமெரிக்க அரசு தனிக் கட்டம் கொடுக்கவில்லை. உள்ள கட்டங்களில் ஒன்றையோ பலவற்றையோ குறிக்கலாம் என்றது. 2000-இல் இன்னொரு வழிகாட்டுதல் வந்தது. உரிமைச் சட்டங்களை அமல்படுத்தும்போது, வெள்ளையர் என்றும் ஒரு சிறுபான்மை இனத்தவர் என்றும் சேர்த்துக் குறித்தவரை அந்தச் சிறுபான்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும். பழைய ஒரு சொட்டு விதியே கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்துவிட்டது என்று கேலி செய்தவர்கள் உண்டு. கேலி சுவையானது, ஆனால் சரியானது என்று நான் ஒப்பமாட்டேன். 1930-இன் விதி ஒருவரை ஒதுக்குவதற்காக எண்ணியது. 2000-இன் விதி ஒதுக்கப்படுகிறவரை அறிவதற்காக எண்ணியது. அதைவிட முக்கியமானது, அவர் குறித்த இரண்டு குறிகளும் படிவத்தில் அழியாமல் இருந்தன. முதல் கேள்விக்கு அவர் விடை. இரண்டாவது கேள்விக்கு அரசின் கணக்கு. ஒன்றை இன்னொன்று தின்னவில்லை.

சரி, கதவு திறந்தது, எல்லோரும் நுழைந்தார்களா? இல்லை. பியூ ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கணக்கில் எடுத்தால் அமெரிக்கப் பெரியவர்களில் 6.9 விழுக்காட்டினர் கலப்புப் பின்னணி உள்ளவர்கள் என்றது. அவர்களிடமே நீங்கள் பல்லினத்தவரா என்று கேட்டபோது 61 விழுக்காட்டினர் இல்லை என்றார்கள். ஏன் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன முக்கியக் காரணங்கள் இரண்டு: பார்ப்பதற்கு ஓர் இனத்தவர் போலவே இருக்கிறேன், ஓர் இனத்தவராகவே வளர்க்கப்பட்டேன். வெள்ளையும் கறுப்பும் கலந்தவர்களில் மிகுதியோர் கறுப்பினத்தாரோடுதான் தமக்கு ஒட்டுறவு அதிகம் என்றார்கள். வெள்ளையும் ஆசியரும் கலந்தவர்களோ வெள்ளையரோடு என்றார்கள். கலப்பு எங்கும் கலப்புதான். ஆனால் எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு சாத்தப்பட்டது என்பதைப் பார்த்து மனிதர்கள் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். மனம்போனபடி சொல்கிறவர்களை நம்பிக் கணக்கு எழுதலாமா, இன்று ஒன்று நாளை ஒன்று என்பார்களே என்று கேட்பார்கள். உண்மைதான், மாற்றிச் சொல்கிறார்கள். 2000, 2010 கணக்கெடுப்புகளில் ஒரே ஆட்கள் தந்த விடைகளை இணைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், ஏறத்தாழ 16 கோடிப் பேரில் 98 லட்சம் பேர் இனத்தையோ லத்தீன் அமெரிக்க வம்சாவளியையோ பற்றிய விடையை மாற்றியிருந்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் மாற்றிச் சொன்னவர்கள் குடிமக்கள் மட்டுமா? அரசு எத்தனை முறை மாற்றியது என்று இப்போதுதான் பார்த்தோமே! மெக்சிகர் 1930-இல் தனி இனம், 1940-இல் வெள்ளையர். இந்தியர் 1940-இல் 'இந்து' இனம், 1970-இல் வெள்ளையர், 1980-இல் ஆசிய இந்தியர். தன் பேரேட்டையே இத்தனை தடவை திருத்திய அரசுக்கு, குடிமகன் ஒருமுறை திருத்தினால் அவனைப் பொய்யன் என்று சொல்ல வாயில்லை.

2020-இல் வந்ததோ பெரிய அதிர்ச்சி. ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் 2000-இல் 68 லட்சம். 2010-இல் 90 லட்சம். 2020-இல் 3 கோடியே 38 லட்சம்! அதாவது மக்கள்தொகையில் 2.9 விழுக்காடு பத்தாண்டில் 10.2 விழுக்காடாயிற்று. புதிய அமெரிக்கா பிறந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதின. பிறந்தவை குழந்தைகளா? பெரும்பகுதி இல்லை. வெள்ளையர், கறுப்பர் கட்டங்களுக்குப் பக்கத்தில் பூர்வீகத்தை எழுத இந்த முறை கோடு போட்டுக் கொடுத்தார்கள். எழுதியதைக் குறியீடாக்கும் முறையையும் விரித்தார்கள். வெள்ளையர் என்று குறியிட்டு, அந்தக் கோட்டில் லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றின் பெயரை எழுதியவருக்கு 'வேறு இனம்' என்பதும் சேர்ந்துகொண்டது. அவர் ஒரே இரவில் பல்லினத்தவர் ஆனார். முறை மாறியதும் ஒரு காரணம் என்று கணக்கெடுப்பு அலுவலகமே சொல்லியது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துச் சமூகவியலாளர் பால் ஸ்டாரும் கிறிஸ்டினா பாவும் இந்தப் பெருக்கத்தில் பெரும்பகுதி கற்பனை என்றே வாதிட்டார்கள். மரக்காலை மாற்றினால் களத்தில் நெல் கூடிவிடுமா?

அப்படியானால் எண்ணவே வேண்டாம், மனிதர் எல்லோரும் மனிதர்தானே என்று நல்ல மனத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. பிரான்சு அந்த வழியில் நடக்கிறது; அதன் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதில்லை. அதனால் அங்கே பாகுபாடு ஒழிந்ததா? ஆய்வாளர்கள் ஒரே தகுதியோடு பெயரை மட்டும் மாற்றி வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிப் பார்த்துத்தான் அதை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கேட்காவிட்டால் நோய் போவதில்லை. மருத்துவக் குறிப்புதான் போகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு இன்னொன்று. சலுகை இருக்கும் இடத்தில் சொல்லே போதும் என்றால் ஏமாற்றுக்காரர் நுழையமாட்டாரா? நுழைவார். பிரேசிலைப் பாருங்கள். 1976-இல் அந்நாட்டுக் குடும்பக் கணக்காய்வில் உங்கள் நிறம் என்ன என்று கட்டம் காட்டாமல் கேட்டபோது 130-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்தன. 2022 கணக்கெடுப்பில் 'பார்டோ' எனப்படும் கலப்பு நிறத்தார் 45.3 விழுக்காடாகி, வெள்ளையரை முந்தினார்கள். பல்கலைக்கழகங்களில் இட ஒதுக்கீடு வந்ததும் யார் உரியவர் என்ற சச்சரவும் வந்தது. 2007-இல் பிரசிலியா பல்கலைக்கழகத்தில் உருவம் ஒத்த இரட்டையர் இருவர் விண்ணப்பித்தார்கள். புகைப்படத்தைப் பார்த்த குழு ஒருவரைக் கறுப்பர் என்று ஏற்றது; மற்றவரை இல்லை என்றது! ஒரே கருவில் இருந்தவர்களைப் பிரித்த அந்தக் குழுவைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். நானும் அந்தச் சிரிப்பில் சேருவேன். ஆனால் பாதிதான் சேருவேன். அதற்குப் பின் வளர்ந்த சரிபார்ப்புக் குழுக்கள் ஒரு நல்ல கொள்கையைப் பிடித்துக்கொண்டன. பாட்டனார் யார் என்று கேட்பதில்லை; இரத்தத்தில் எத்தனை பங்கு என்று கேட்பதில்லை; தெருவில் போகும்போது இந்த ஆளை ஊர் எப்படிப் பார்க்கும் என்று பார்க்கின்றன. தடுமாறினாலும் அவை இரண்டாவது கேள்வியை இரண்டாவது கேள்வியாகவே கேட்கின்றன. சலுகை தரும் இடத்தில் சரிபார்க்கட்டும். கணக்கெடுப்பிலும் பள்ளிப் படிவத்திலும் சரிபார்க்க யாருக்கும் வேலையில்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சரியான சான்று உண்டு. பெரம்பூர், போத்தனூர், திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த ஆங்கிலோ இந்தியர்கள். நம் அரசியல் சட்டத்தின் 366-ஆம் பிரிவு அவர்கள் யாரென்று வரையறுக்கிறது: தந்தையோ தந்தைவழியில் வந்த ஆண் மூதாதை ஒருவரோ ஐரோப்பிய வம்சாவளியினராக இருக்க வேண்டும். தாய்வழி செல்லாது. ஆங்கிலோ இந்தியத் தாய்க்கும் வேறு சமூகத்துத் தந்தைக்கும் பிறந்து, அந்தக் குடியிருப்பிலேயே அந்தப் பேச்சும் உணவும் கிறிஸ்துமஸ் நடனமுமாக வளர்ந்த பிள்ளை சட்டப்படி ஆங்கிலோ இந்தியர் இல்லை! 2019 டிசம்பரில் மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் அவர்களுக்கிருந்த நியமன இடங்களை நிறுத்தும் விவாதத்தில், 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆங்கிலோ இந்தியர் 296 பேர்தான் என்றார் அன்றைய சட்ட அமைச்சர். தாங்கள் லட்சக்கணக்கில் இருப்பதாகச் சமூகத்தார் துடித்துப்போனார்கள். அந்தக் கணக்கெடுப்பு சமயத்தைக் கேட்டது, தாய்மொழியைக் கேட்டது, பட்டியல் சாதியா பழங்குடியா என்று கேட்டது. நீங்கள் ஆங்கிலோ இந்தியரா என்று கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குக் கிடைத்த விடை 296. 2020 ஜனவரி 25 அன்று அந்த இடங்கள் முடிவுக்கு வந்தன. நியமன இடம் தேவையா இல்லையா என்பது வேறு விவாதம். அந்த எண்ணை வைத்து அதை முடித்திருக்கக் கூடாது.

2027 கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. இனமும் சாதியும் ஒன்றல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் தாயும் தந்தையும் வேறுவேறாக உள்ள பிள்ளைகள் அங்கேயும் இருக்கிறார்கள், லட்சக்கணக்கில். தாயுடையதையும் தந்தையுடையதையும் சேர்த்து எழுத அவர்களுக்கு இடம் வேண்டும். எதையும் எழுத விரும்பாதவருக்கு அதற்கும் இடம் வேண்டும். வாசலில் நிற்பவர் முகத்தையோ தந்தை பெயரையோ பார்த்துத் தாமாக நிரப்பக் கூடாது. இந்த அவையில் அதிகாரிகள் இருக்கிறீர்கள், ஆசிரியர்கள் இருக்கிறீர்கள், கணக்கெடுக்கப் போகிறவர்களும் இருக்கலாம். படிவம் வீட்டு வாசலுக்கு வந்தபின் பேசிப் பயனில்லை. இப்போதே கேளுங்கள், எழுதிக் கேளுங்கள்.